பத்தொன்பதாவது துளை

மார்ச் 11, செவ்வாய், காலை 10.40. அஸ்திவாரத் தூண்கள் (பைல்) இறக்கும் துளைகள்: பத்தொன்பது முடிந்தன, இருபத்தேழு பாக்கி.

அக்கா,

நலம். உன் அகழாய்வு முகாமில் சிக்னல் கிடையாது, இந்தக் கடிதத்தை எடுத்துவரும் சாமான் வண்டியோ பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு, "பழம்பொருள் ஒன்றும் இல்லை, கட்டலாம்" என்று கையெழுத்துப் போட்டது நீ. மூன்று சோதனைக் குழியும் நீ குறித்துக் கொடுத்த இடத்தில்தான் வெட்டினோம். வெறும் களிமண். நீயே வந்து குனிந்து பார்த்தாய். இன்று பத்தொன்பதாவது துளையில் மிஷின் செங்கல்லை மேலே கொண்டுவந்தது, சாந்து ஒட்டியபடி. உடைந்த பாதியே நம் முழுச் செங்கல் அளவு இருக்கிறது. மேஸ்திரி அதைத் தட்டிப் பார்த்து, "சார், இப்ப யாரு இப்படிச் சுடறா? அந்த சப்ளையர் நம்பர் கிடைக்குமா?" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ இல்லை என்ற இடத்தில் எப்படி இருக்கிறது? மிஷினை நிறுத்தவா, ஓட்டவா? நின்றால் மானேஜர் என் தலைமேல் ஏறி உட்காருவார். அப்பாவின் டயாலிசிஸ் இந்தக் கட்டடத்துக்குத்தான் வரப்போகிறது. வாரம் மூன்று முறை இரண்டு பஸ் மாறிப் போகிறார் மனுஷன்.

செங்கல் துண்டு ஒன்று இத்துடன். ஒரே வார்த்தையில் பதில் போடு.

தம்பி

மார்ச் 12

அவசரக்குடுக்கைக்கு,

ஒரே வார்த்தை: நிறுத்து.

இது பழைய சுவர். எந்தக் காலத்தது என்று துண்டை வைத்துச் சொல்ல மாட்டேன். இனி எதையும் பொட்டலம் கட்டி அனுப்பாதே, அதது கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும்.

எனக்கும் தலை சுற்றுகிறது. மனையில் மேடு இருந்த மூலையில்தான் குழி கேட்டேன். பழைய கட்டடம் புதைந்த இடம்தான் இப்படி மேடாக நிற்கும், அங்கே எப்படி வெறும் களிமண் வரும்? இடத்தை எப்படிக் குறித்தாய் என்று ஒவ்வொரு படியாக எழுது. கோபப்படாமல் எழுது. அப்பா சாப்பிடுகிறாரா? நீ?

அக்கா

மார்ச் 14

அக்கா,

நிறுத்திவிட்டேன். மிஷினின் துளை போடும் பிட் தேய்ந்துவிட்டது என்று மானேஜரிடம் புளுகியிருக்கிறேன்.

குறித்த விதம்: உன் வரைபடத்தைக் கட்டடப் பிளானின்மேல் வைத்தேன். மேல் விளிம்புகள் பொருந்தின. மனை சதுரம், நாலு பக்கமும் கச்சிதம். முளை அடித்தேன். இதில் என்ன தப்பு?

எழுதும்போதே பிளானைப் பார்க்கிறேன். கட்டடம் தாளில் நேராக உட்காரட்டும் என்று ஆர்க்கிடெக்ட் மனையையே திருப்பி வரைந்திருக்கிறார். உன் தாளில் மேலே வடக்கு. அவர் தாளில் மேலே கிழக்கு. நான் திருப்பவே இல்லை. மூன்று குழியும் பள்ளத்துப் பக்கம் போய்விட்டன.

ஆனால் நீயும் அங்கேதானே நின்றாய்? மேடு எது, பள்ளம் எது என்று உனக்குமா தெரியவில்லை? இது யார் தப்பு, எனக்குப் புரியவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி நாலு பைலை மட்டும் நகர்த்தட்டுமா? உன் கையெழுத்தும் பிழைக்கும். அப்பாவிடம் கேட்டேன். "படிச்சவங்க ரெண்டு பேரு இருக்கீங்க, என்னை எதுக்குடா இழுக்கற?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. குழிக்குள்ளேயே பார்த்தேன், தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. நீ குறித்தது என்பதால் விட்டுவிட்டேன். வேறு எஞ்சினியராக இருந்தால் அளந்து காட்டச் சொல்லி உயிரை எடுத்திருப்பேன்.

நாலு பைலை எந்தப் பக்கம் நகர்த்துவாய்? சுவர் எங்கே போகிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கையெழுத்தை வாபஸ் வாங்கும் கடிதத்தை இதே வண்டியில் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். தம்பி வேலை பார்க்கும் மனைக்கு நான் கையெழுத்துப் போட்டதையும் விசாரிப்பார்கள். என் வேலை தங்குமா தெரியவில்லை. அது முடியும்வரை எனக்கு எழுதாதே. பேசி வைத்துக்கொண்டோம் என்பார்கள்.

அப்பாவுக்கு இன்னும் பல மாதம் பஸ்தான். நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

அக்கா

மார்ச் 18

அக்கா,

எழுதாதே என்கிற கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன், பார். நீ செய்தது சரிதான் என்று புத்திக்குத் தெரிகிறது. கோபம் மட்டும் போகவில்லை. உன்மேலா, என்மேலா, அந்தச் சுவர்மேலா, தெரியவில்லை. நாளையிலிருந்து செய்ய வேண்டியவை:

1. பிட் தேயவில்லை என்று மானேஜரிடம் சொல்வது. திட்டட்டும்.

2. துளையைச் சுற்றிக் கயிறு கட்டுவது. மேஸ்திரி உட்பட யாரும் உள்ளே போகக் கூடாது.

3. உனக்குப் பதிலாக வருகிறவருக்கு மேட்டு மூலையைக் காட்டுவது.

4. சுவரின் போக்கு தெரிந்தபின், அதைத் தொடாமல் தாண்டும்படி அஸ்திவாரத்தை முதலிலிருந்து வரைவது. டயாலிசிஸ் பகுதியை மட்டும் பள்ளத்துப் பக்கம் முதலில் கட்ட விடுவார்களா என்று கேட்பது.

5. இந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருப்பது.

6. வியாழக்கிழமை அப்பாவோடு பஸ்ஸில் போவது. உட்கார இடம் கிடைத்ததும் விஷயத்தைச் சொல்வது. "அக்கா என்னடா சொல்றா?" என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வதென்று அதற்குள் யோசிப்பது.