முப்பத்தெட்டு கணினிகளில் ஆறுபுள்ளி

ஜூன் 9, 2025 – திங்கள்

வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது ஜாபேஸ் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் திருப்பிக் கூப்பிட்டேன். "ஏட்டி ஹெப்சி, உன் ஆறுபுள்ளியக் காங்கலட்டி. கம்ப்யூட்டரப் போட்டா கீபோர்டு ஊமையாக் கெடக்கு." வண்ணார்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்தில் சனிக்கிழமை எல்லாக் கணினியிலும் புது ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறார்கள். அது என் புரோகிராமை வைரஸ் என்று தூக்கிவிட்டது.

கோபத்தில் எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ஒன்பது வயதில் காய்ச்சலில் பார்வை போனவர் என் கணவர். பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்லின் ஆறு புள்ளிகளுக்கான ஆறு விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுதக் கற்றவர். அதையே சாதாரண கீபோர்டில் செய்யலாம், அடிக்கிற ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் அது சத்தமாகச் சொல்லும் – இவ்வளவுதான் ஆறுபுள்ளி. நான் எழுதியது. இதில் எங்கே இருக்கிறது வைரஸ்?

அதற்கு முன்பு ஆறு வருஷம் அவர் போனை எடுத்துப் புகாரைக் கேட்பார், பக்கத்தில் இன்னொருவர் டைப் அடிப்பார். ஆறுபுள்ளி வந்த பிறகுதான் புகார் மேசை முழுவதும் அவர் கைக்கு வந்தது. மேனேஜர் இன்று சொன்னாராம்: "முப்பதாம் தேதி வரைக்கும் பாப்பம். சரியாவலன்னா நீரு போனை மட்டும் எடும், டைப் அடிக்க வேற ஆளப் போடுதேன்."

முப்பதாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. விடமாட்டேன்.

ஜூன் 10

அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் சிராஜுதீன். மரியாதையான ஆள், டீ சொல்லிவிட்டுத்தான் பேசினார். "அக்கா, இது அடிக்கிற கீயெல்லாம் திருடுதுன்னு சொல்லுது."

திருடவில்லை, எழுத்தாக மாற்றக் கீயைக் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று விளக்கினேன். இது பொய் எச்சரிக்கை, விதிவிலக்கில் போட்டுவிடுங்கள் என்றேன். புரோகிராமைக் கேட்கும் எல்லாருக்கும் மூன்று வருஷமாக நான் சொல்வது அதுதான்: பயப்படாதீங்க, ஆன்டிவைரஸை அணைச்சிட்டுப் போடுங்க.

"நீங்க சொல்லுதியன்னு நான் கண்ண மூடிக்கிட்டு விட முடியுமா?" என்றார் சிராஜுதீன்.

"நான் மூடிக்கிட்டுத்தானவே இத்தன நாளும் வேல பாக்கேன்" என்றார் ஜாபேஸ். அறையே சிரித்தது. சிராஜுதீன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆன்டிவைரஸ் கம்பெனியே இது நல்ல ஃபைல் என்று எழுதிக் கொடுத்தால் போடுகிறேன் என்றார். சரி, வாங்கிக் காட்டுகிறேன்.

ஜூன் 12

பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சிறிதாக இருக்கட்டும் என்று ஃபைலைச் சுருக்கி வைத்திருந்தேன். வைரஸ் எழுதுகிறவர்களும் அப்படித்தான் சுருக்கி ஒளிப்பார்களாம். பல ஆன்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். சுருக்கியது: பதினொரு ஆன்டிவைரஸில் சிவப்பு எச்சரிக்கை. சுருக்காதது: நான்கு. அந்த நான்கில் அலுவலகத்து ஆன்டிவைரஸும் ஒன்று.

கம்பெனியின் தளத்தில் தவறான எச்சரிக்கைக்கு ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பி, ஃபைலையும் சேர்த்து அனுப்பினேன். கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன்.

ஜூன் 14

பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன்.

ஜூன் 16 – திங்கள்

பதில் வந்தது. நான்கு வரி. அவர்களுடைய ஆள் ஒருவர் ஃபைலைத் திறந்தே பார்த்திருக்கிறார். அடிக்கும் எல்லா விசைகளையும் இந்தப் புரோகிராம் ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறது, எனவே எச்சரிக்கை சரியே.

பொய்! என்று வாய்விட்டே சொன்னேன். நிரூபிக்கத்தான் வீட்டுக் கணினியில் தேடினேன்.

இருந்தது.

மூன்று வருஷம் முன்பு ஜாபேஸ் விரல் ஒன்று அழுத்த எழுத்து வேறொன்று வந்துகொண்டிருந்தது. எந்த விசைகள் விழுகின்றன என்று பார்க்க, எல்லாவற்றையும் பதிவு செய்ய இரண்டு வரி எழுதினேன். கோளாறு சரியானது. அந்த இரண்டு வரியை எடுக்கவில்லை. மறந்தே போச்சு. அது எங்கும் அனுப்பவில்லை, உண்மை. ஆனால் அன்றிலிருந்து அவர் அடித்த ஒவ்வொரு எழுத்தும் தேதியோடு அங்கே கிடக்கிறது. அவருக்கு மட்டுமா? முப்பத்தெட்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேனே! காவலை அணைத்துவிட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தேனே!

ஃபைலைத் திறந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. சிநேகிதர் எலியேசருக்கு எழுதியது. "மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். ஹெப்சிபாவுக்குச் சொல்லாதே."

மூடிவிட்டேன். மதுரைக்கு ஏதோ கல்யாணம் என்றுதானே போனார்? பார்வையைப் பற்றி ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷன், தனியாக பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஜூன் 17

இரண்டு வரியை எடுத்துவிட்டுப் பைய அனுப்பிவிடலாம். கம்பெனி சரி என்று சொல்லும். சிராஜுதீன் போடுவார். இவர் மேசை பிழைக்கும். ஒருவருக்கும் தெரியாது. காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் சிராஜுதீன் என் புரோகிராமை வாசல்படி ஏற்றுவாரா?

ஆனால் அந்த இரண்டு வரியும் கள்ளச் சாவி. நான் வைத்தது. சொல்லாமல் எடுத்தால் இரண்டாம் முறையும் திருடுகிறேன்.

சாயங்காலம் ஜாபேஸிடம் சொன்னேன்.

"படிச்சியா?"

"ஒரு வரி."

"எந்த வரி?"

"மதுரை."

அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஃபைலை அழித்தேன். அழித்துவிட்டேன் என்று நான் சொல்வதைத்தான் அவர் நம்ப வேண்டும்.

ஜூன் 18

வீட்டில் எப்போதும் ஸ்பீக்கரில்தான் எழுதுவார். இன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுதினார்.

ஜூன் 21 – சனி

அந்த இரண்டு வரி போயிற்று. இனி எந்த ஃபைலிலும் எதையும் எழுதாது. கம்பெனிக்குத் திரும்ப அனுப்பினேன், இம்முறை நடந்ததை அப்படியே சொல்லி.

பிறகு போன். முப்பத்தெட்டு பேருக்கும், ஒவ்வொருவராக. பழைய ஃபைல் எங்கே கிடக்கிறது, எப்படி அழிப்பது, அணைத்த ஆன்டிவைரஸை எப்படித் திரும்பப் போடுவது என்று இன்று பதினான்கு பேருக்குச் சொன்னேன். விக்கிரமசிங்கபுரம் அம்மையப்பன் அண்ணாச்சி ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவர். "ஊரு சங்கதி பூரா அதுல கெடக்குமேம்மா" என்றார். அழிக்கும்வரை போனிலேயே இருந்தேன். "இத மொதல்லயே பாத்துருக்கணும் நீ" என்றார் கடைசியில். ஆமாம் அண்ணாச்சி என்றேன். சீவலப்பேரி பெர்சிஸ் டீச்சர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். நாளை மறுபடி கூப்பிட வேண்டும்.

ஜூன் 22

ஆராதனை முடிந்து வந்து பன்னிரண்டு பேர். பெர்சிஸ் டீச்சர் எடுக்கவில்லை.

ஜூன் 23

மீதிப் பேர். பெர்சிஸ் டீச்சர் எடுத்தார். சொன்னதை எல்லாம் கேட்டு அழித்துவிட்டு, "ஒம் புரோகிராமையும் சேத்தே எடுத்துட்டேன்" என்றார். அது அவர் உரிமை.

ஜூன் 24

சிராஜுதீனிடம் போனேன். டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அந்த ஃபைல நான் மொத நாளே பாத்துட்டேங்க்கா. கஸ்டமர் போன் நம்பரெல்லாம் கெடந்துச்சு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாமச் செஞ்சியளான்னு எனக்குப் பிடிபடல. அதான் ஜாபேஸ் சார்ட்டயும் சொல்லல."

"ஏன் என்ட்ட கேக்கல?"

"கேட்டா இல்லன்னுதான சொல்லிருப்பிய."

ஆமாம், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அடித்துச் சொல்லியிருப்பேன்.

போடுவீர்களா என்று கேட்டேன். கம்பெனி பதில் வரட்டும், வந்த பிறகு நானும் ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஜூன் 27 – வெள்ளி

ஃபைல் சுத்தம், எச்சரிக்கையை நீக்கிவிட்டோம் என்று கம்பெனி எழுதியிருக்கிறது. அப்படியே சிராஜுதீனுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வாக்கும் கொடுத்தேன்: இனி ஒரு எழுத்து மாற்றினாலும் முதலில் கம்பெனிக்கு, பிறகுதான் அவருக்கு. யாரிடமும் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லமாட்டேன்.

ஜூன் 30

மத்தியானம் இவர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார். "வள்ளியூருக்குப் போற மிக்சிய நாங்குநேரில எறக்கிட்டானுவ. புகார ஆறுபுள்ளில நானே அடிச்சேன், நாலு பக்கம்" என்றார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டில் இன்னும் ஹெட்போன்தான். நானும் கேட்கவில்லை.

ஜூலை 13 – ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து ஸ்பீக்கரில் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சத்தமாக வந்தன. எ. லி. யே. ச. ர். அப்புறம் ம. து. ரை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே போய், "நான் இங்கனதான் நிக்கேன்" என்றேன், அவருக்குத் தெரியாமல் கேட்கக் கூடாது என்று.

"தெரியும்ட்டி" என்றார் ஜாபேஸ். கையை எடுக்காமல் மேலே அடித்துக்கொண்டே போனார்.