ஊற்றுப்பள்ளத்து மண் பதினொரு மார்க் வாங்கிய விவரம்

அனுப்புநர்
வெ. அம்மாசி (வயது 57),
காபி, மிளகு விவசாயி,
நார்த்தங்காடு, வெள்ளக்கடை வழி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
மலைக் கிராமச் சாலைகள் தர விசாரணை,
சேலம்.

பொருள்: வெள்ளக்கடை – நார்த்தங்காடு சாலை ஊற்றுப்பள்ளத்தில் உள்வாங்கியது – உதவிப் பொறியாளர் செல்வி ஈவ்லின் மீதான குற்றச்சாட்டை நீக்கவும், மனுதாரராகிய என் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி உதவிப் பொறியாளருக்கு 16.12.2024 அன்று வழங்கப்பட்ட குறிப்பாணை (எங்கள் ஊர் டீக்கடையில் சத்தமாகப் படிக்கப்பட்டது).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். இந்த மலையில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றைத் தங்கள் மேலான சமூகத்துக்குச் சொல்லப் போகிறேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். சத்தியம் செய்யவில்லை. காரணம் ஏழாவது பத்தியில் வரும்.

நம்பாவிட்டால் தங்கள் மீது தவறில்லை. மழையில் குடையை மடக்கினால் உள்ளே அயிரை மீன் துள்ளியது என்று சொன்னவன் நான். என் மிளகுக்கொடியின் உச்சியில் ஏறினால் மேட்டூர் அணையில் குளிப்பவர்களின் முகம் தெரியும் என்று சொன்னவனும் நானே. சென்ற வாரம் இந்தப் புகாரை நேரில் சொல்ல அலுவலகம் போனேன். "மாமா புதுக்கதை கொண்டாந்திருக்காருங்க, டீ சொல்லுங்க" என்று நாற்காலி போட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே இப்போது எழுத்தில் சமர்ப்பிக்கிறேன்.

1. எங்கள் ஊருக்கு 2.4 கிலோமீட்டர் தார்ச்சாலை போடுவதற்காக 2023 பங்குனியில் செல்வி ஈவ்லின் வந்தார். ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டர் வீட்டுப் பெண். வெயிலில் குடை பிடிக்காமல் நின்று மூன்று இடங்களில் குழி தோண்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை மண் எடுத்தார். மூன்றாவது இடம் ஊற்றுப்பள்ளம். அங்கே வருடம் முழுக்க நிலம் ஈரமாகவே இருக்கும்.

2. மண் எதற்கு என்று கேட்டேன். உடன் வந்த சாலை ஆய்வாளர் ரஞ்சித் பொறுமையாக விளக்கினார். மண்ணை இரும்புக் குவளையில் இடித்து, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஓர் இரும்புத் தண்டை அதில் அழுத்துவார்களாம். நல்ல ஜல்லி தாங்குவதில் நூற்றுக்கு எத்தனை பங்கை இந்த மண் தாங்குகிறது என்று ஓர் எண் போடுவார்களாம். அந்த எண்ணையும் அந்த வழியில் ஓடப்போகும் வண்டிகளையும் வைத்துத்தான் சாலையின் கனத்தை முடிவு செய்வார்களாம். அய்யா, 'நூற்றுக்கு எத்தனை' என்ற இரண்டு சொல்லோடு என் காது அடைத்துக்கொண்டது. பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவன் நான். எனக்கு அது மார்க்காகத்தான் பட்டது.

3. இதற்கு முந்தைய வாரம்தான் குப்பனூர்ப் பக்கத்தில் இருக்கும் என் மச்சினன் ஜெயபிரகாஷ் போன் செய்திருந்தான். அவர்கள் ஊர்ச் சாலைக்கும் மண் எடுத்திருந்தார்கள். "மச்சான், எங்கூரு மண்ணு ஒம்போது வாங்கிருச்சுங்க. உங்கூரு மண்ணு பாஸாயிருமாங்க, இல்ல உங்களாட்டவா?" என்று கேட்டான். அந்த 'உங்களாட்டவா' என்ற சொல் என் நெஞ்சில் ஈட்டியாக இறங்கி முதுகு வழியாக வெளியேறி எதிரே இருந்த சில்வர் ஓக் மரத்தில் குத்தி நின்றது. இந்த நிலையில்தான் ரஞ்சித் ஊற்றுப்பள்ளத்து மண்ணை முறுக்கு மாவு போல விரலில் உருட்டிப் பார்த்து, "இது மூணத் தாண்டாதுங்க மாமா" என்றார்.

4. நூற்றுக்கு மூன்று! என் பாட்டன், பூட்டன் உழுத மண். மதியம் அவர்கள் இருவரையும் என் வீட்டில் சாப்பிட அழைத்தேன். மூட்டைகள் என் காபிக் களத்தில் இருந்தன. என் மனைவி பாப்பாத்தி சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரத்தில், மூட்டையின் மேல் ஈவ்லின் கைப்பட எழுதிய எண் அழியாமல் கட்டை அவிழ்த்து, ஊற்றுப்பள்ளத்து மண்ணை ஓர் உரச்சாக்கில் கொட்டிவிட்டு, களத்துக்குப் பின்னால் தோண்டிய பருக்கைக்கல் செம்மண்ணை நிரப்பி, பழையபடி கட்டினேன். "ஏனுங்க, சோறுங்கக் கூப்புட்டுப்போட்டு எங்க போனீங்க?" என்று பாப்பாத்தி கேட்டார். கை கழுவப் போனேன் என்றேன். கழுவத்தான் வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்தபோது ஈவ்லின் எழுந்து நின்று, "குழம்பு நொம்ப நல்லா இருக்குதுங்க மாமா" என்றார். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

5. ஊற்றுப்பள்ளத்து மண் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியது. மச்சினனுக்கு ஒரு கிலோ ஜிலேபி அனுப்பினேன். எங்கள் மண்ணை அழுத்திய தண்டு வளைந்து, அதை நிமிர்த்த ஜெர்மனியிலிருந்து ஆள் வந்திருப்பதாக வெள்ளக்கடை முழுக்கச் சொன்னேன். சாலையும் வந்தது. முதல் வண்டி போனபோது நான்தான் கொடியசைத்தேன்.

6. 2024 ஐப்பசி மழையில் ஊற்றுப்பள்ளத்தில் மட்டும், சுமார் முப்பது மீட்டர் நீளத்துக்குச் சாலை உள்வாங்கியது. அதில் டவுன் பஸ் ஒன்று முழுதாக இறங்கி, கண்டக்டரின் விசில் சத்தம் மட்டும் மூன்று நாள் கேட்டது. முதலில் தார் முதலைத்தோல் போல வெடித்தது. பிறகு சக்கரத் தடம் இரண்டும் வாய்க்கால் ஆயின. அப்போதுதான் ரஞ்சித்திடம், இத்தனை நல்ல மார்க் வாங்கிய மண் எப்படி மோசம் போனது என்று அப்பாவி போலக் கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மார்க் இல்லீங்க மாமா! மண்ணு கம்மியா வாங்குனாத்தான் ரோடு தடிமனாப் போடுவோம். படிக்காத பையனுக்குத்தானுங்க டியூஷன்." மூன்று என்று வந்திருந்தால் ஒன்றேகால் அடி கனம் வந்திருக்கும். பதினொன்று வந்ததால் முக்கால் அடிக்குள் முடித்தார்கள். மீதி அரை அடிச் சாலையை என் ஊர்க்காரர்களின் காலுக்குக் கீழிருந்து எடுத்தவன் நான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரிடமும் ஒரு கதையும் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று நான்கு பேர் கேட்டார்கள்.

7. தரம் பார்க்க வந்தவர்கள் அதே இடத்தில் மண் எடுத்து அழுத்தியதில் மூன்று வந்தது. கோப்பில் பதினொன்று இருக்கிறது. சோதனையே செய்யாமல் மேசையில் உட்கார்ந்து எழுதிய அறிக்கை என்று ஈவ்லின் மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளது. 22.01.2025 விசாரணையில் அது உறுதியானால் அவருடைய வேலை போய்விடும் என்கிறார்கள். குறிப்பாணை வந்த மறுநாள் அவர் தனியாக என் களத்துக்கு வந்தார். "மாமா, அந்த மூட்டைய யாராச்சும் தொட்டாங்களாங்க? நெசத்தச் சொல்லிப்போடுங்க" என்று கேட்டார். "சேர்வராயன் சத்தியமா இல்லீங்க அம்மிணி" என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினார்.

அய்யா, ஐம்பத்தேழு வருடத்தில் என் வார்த்தையை அப்படியே நம்பிய முதல் ஆள் அவர். நம்பியதோடு விடவில்லை. தம்முடைய விளக்கக் கடிதத்தில், நார்த்தங்காட்டில் மூட்டைகளை எவரும் தொடவில்லை என்று விசாரித்து அறிந்ததாக எழுதியும் கொடுத்துவிட்டார். தப்பிக்க அவருக்கு இருந்த ஒரே வழியை என் சத்தியத்தைக் கொண்டு அடைத்துவிட்டார். பாப்பாத்தியிடம் இதைச் சொன்னேன். திட்டவில்லை. "அந்தப் புள்ளைக்கு நான் சோறு போட்டேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

8. என்னை நம்ப வேண்டாம். என் காபிக் களத்துக்குப் பின்னால், வேலியிலிருந்து நான்கு எட்டில், நான் தோண்டிய குழி இன்னும் மூடாமல் இருக்கிறது. அங்கே மண் எடுத்து, இடித்து, நான்கு நாள் ஊறவைத்து அழுத்திப் பார்க்கவும். பதினொன்றோ அதை ஒட்டியோ வரும். நான் கொட்டிய ஊற்றுப்பள்ளத்து மண் காபிக் கொட்டகை மூலையில் உரச்சாக்கில் கிடக்கிறது. அதையும் அழுத்திப் பார்க்கவும். இரண்டு எண்களும் வந்த பிறகு கோப்பைத் திறந்தால், செல்வி ஈவ்லின் சோதனை செய்தாரா, மேசையில் எழுதினாரா என்பது தெரிந்துவிடும்.

எனவே அய்யா அவர்கள் தயவுகூர்ந்து,

(அ) 22-ஆம் தேதிக்குள் மேற்கண்ட இரண்டு மண்ணையும் எடுத்துச் சோதிக்கவும், எடுக்கும் நேரம் என்னை வெள்ளக்கடை பஸ் நிறுத்தத்தில் போலீஸ் காவலோடு உட்கார வைக்கவும்;

(ஆ) செல்வி ஈவ்லின் மீதான குற்றச்சாட்டை நீக்கவும், அவர் தமது விளக்கத்தில் எழுதியது பொய் அல்ல, அவரிடம்தான் பொய் சொல்லப்பட்டது என்று பதிவு செய்யவும்;

(இ) ஊற்றுப்பள்ளத்தில் சாலையைப் பெயர்த்து, மூன்றுக்கு உரிய கனத்தில் மறுபடி போடவும், ஊற்று நீர் வடியக் குழாய் பதிக்கவும்;

(ஈ) சட்டத்தில் என் போன்றவனுக்கு என்ன உண்டோ அதை எனக்கு வழங்கவும்

பணிந்து வேண்டுகிறேன்.

குடைக்குள் மீன் விழவில்லை. ஜெர்மனி ஆள் வரவில்லை. டவுன் பஸ் முழுகவில்லை. எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸே கிடையாது. பால் வண்டி ஒன்று அச்சு வரை இறங்கியது, அவ்வளவுதான். இவற்றை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது ஒரு மூட்டை மண்ணும், அதைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்யும். இந்த மனுவில் அந்தச் சிறு பகுதி நிஜம். கையெழுத்துக்கு மேலே 'உண்மையுள்ள' என்று போடுவது வழக்கம் என்கிறார்கள். எனக்கு அதற்கு யோக்கியதை போதாது. இருக்கிற அளவுக்கு மட்டும் போட்டிருக்கிறேன்.

இடம்: நார்த்தங்காடு
நாள்: 13.01.2025

இப்படிக்கு,
மூட்டை விஷயத்தில் மட்டும் உண்மையுள்ள,
வெ. அம்மாசி