செவ்வந்தி நின்ற இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொட்டகை மூலையில் ஒழுகல். பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கல் வைத்தேன். கருப்பிக்குப் பின்னங்கால் குளம்பில் புண், மஞ்சளும் வேப்பெண்ணெயும். வாங்க வேண்டியது: தவிடு, கல்லுப்பு, சரோஜாவுக்கு மூட்டுவலித் தைலம்.

சரோஜா ஓசூரிலிருந்து திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகள் கவிதாவின் பிரசவத்துக்காகப் போயிருந்தாள். அவள் அங்கே இருந்தபோதுதான் எங்கள் பசு செவ்வந்தி போனது. தோலெல்லாம் கட்டி கட்டியாக, கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. புதைத்துவிட்டுத்தான் போனில் சொன்னேன். "சரி" என்றாள். இன்றுவரை அந்த ஒரு வார்த்தைதான். தாயில்லாக் கன்றாக வந்தது அது. இவள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்.

மாலை. மேய்ச்சலுக்குப் போனவை தாமாகவே திரும்பி வரும் நேரம். கருப்பி முன்னால், பிறகு சுந்தரி, வெள்ளச்சி. அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று. செவலை. நெற்றியில் வெள்ளை. இடது கொம்பு உள்பக்கம் வளைந்து.

நேராகப் போய் செவ்வந்தியைக் கட்டும் இடத்தில் நின்றது. புது மாடு வந்தால் கருப்பி முட்டாமல் விடாது. இன்று ஒதுங்கி வழிவிட்டது.

யாருடையதோ. விசாரிக்க வேண்டும்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு. தொம்மலூர் முழுக்கக் கேட்டாயிற்று. டீக்கடை, கோயில் வாசல், காய்கறி வண்டிகள். முருகேஷ்பாளையாவில் மாடு வைத்திருக்கும் கிருஷ்ணப்பாவை அழைத்து வந்து காட்டினேன்.

"நம்தல்லப்பா. நிம் ஹளே ஹசு தரானே இதெயல்லா!"

தன்னுடையது இல்லை, உங்கள் பழைய மாடு மாதிரியே இருக்கிறதே என்று கன்னடத்தில் சொல்கிறார். எனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கிட்டே போகவில்லை.

மகன் பிரகாஷ் மாட்டின் போட்டோவை ஏதோ குரூப்பில் போட்டிருக்கிறான். யாரும் கேட்டு வரவில்லை.

சாயங்காலம் சரோஜா வந்தாள். பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு கொட்டகை வாசலில் நின்றாள். மெதுவாக, "செவ்வந்தி" என்றாள்.

காலையிலிருந்து நான் என்னென்னவோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. இப்போது கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தது.

"வந்துட்டியா?"

"சரோஜா, இது வேற மாடு."

"எனக்குத் தெரியாதாங்க?" என்றாள். கை மட்டும் அதைத் தடவிக்கொண்டே இருந்தது. தொடைக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. அங்கே ரோமம் இல்லை. செவ்வந்தி கன்றாக இருந்தபோது, இவள் கை தவறிக் கொதிக்கும் கஞ்சி கொட்டிய இடம். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

எந்த மாட்டுக்கும் அடிபடும், தழும்பு இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.


ஆகஸ்ட் 6, புதன்

கொட்டகை கூட்டும்போது கவனித்தேன். அது நின்ற இடத்தில் சாணி இல்லை. கோமியம் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. தொட்டியில் போட்ட வைக்கோல் போட்டபடியே.

"நீ அள்ளினியா?"

"நான் எங்க அள்ளினேன்? நீங்கதான் அள்ளிட்டீங்கன்னு நெனச்சேன்."

அசை போடவும் இல்லை. அசை போடாத மாடு நோய்ப்பட்ட மாடு. தலை தொங்கும், கண்ணில் நீர் வடியும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. கோயில் சிலை மாதிரி நிற்கிறது. மடி வற்றியிருக்கிறது.

மாட்டு டாக்டர் வந்தார். காதில் அடையாள எண் போட்ட கம்மல் இல்லை. ஜுரம் பார்க்கும் கருவியை வைத்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், உதறினார், மறுபடி வைத்தார். "இது கெட்டுப்போச்சு போல. இவ்ளோ கம்மி காட்டுது" என்றார். அதையே துடைத்து சுந்தரிக்கு வைத்தார். சுந்தரிக்குச் சரியாகக் காட்டியது.

"மழையில நனைஞ்சிருக்கும். சாக்கு போத்துங்க."

டீ வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். எப்போதும் டீ குடிக்காமல் போகாதவர்.


ஆகஸ்ட் 7, வியாழன்

மழை பலம். கருப்பியும் மற்ற இரண்டும் உள்ளே வர மாட்டேன் என்கின்றன. சந்தில் நின்றுவிட்டன. கொட்டுகிற மழையில், கொட்டகையைப் பார்த்தபடி. பின்னால் ஆபீஸ் கார்கள் வரிசையாக ஹாரன். ஒருத்தன் போனில் வீடியோ எடுக்கிறான். டிரைவர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "அண்ணா, கொஞ்சம் ஓட்டிக்கினு போங்கண்ணா, லேட் ஆவுது" என்றார்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கருப்பி முன்னங்காலை மடித்து ரோட்டிலேயே படுத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து இந்தக் கொட்டகையில் இருக்கும் மாடு.

சின்ன வயசிலிருந்து மாட்டோடுதான் இருக்கிறேன். பாம்பு புகுந்த கொட்டகைக்கு மாடு வராது, பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கெஞ்சி, கார் நிறுத்தும் இடத்தில் கட்டினேன்.

திரும்பி வந்தால் கொட்டகைக்குள் சரோஜாவின் குரல்.

"பாப்பாவுக்கு ஒன்ன மாதிரியே பெரிய கண்ணுடி."

சும்மா இருந்தாள். எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பது போல. பிறகு,

"ஆமா. எனக்கும் அப்படித்தான் இருக்கு."

உள்ளே போகாமல் மழையிலேயே நின்றேன்.


ஆகஸ்ட் 9, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஓடவில்லை.

சரோஜா சாப்பிடுவதில்லை. வைத்த தட்டு வைத்தபடி. கேட்டால் "பசியில்ல" என்கிறாள். கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்தவள் எழுந்து வருவதே இல்லை.

ஒயிட்ஃபீல்டிலிருந்து பிரகாஷ் வந்தான். அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டான்.

"நைனா, வண்டி சொல்றேன். மாட்ட கோசாலையில விட்டுடலாம்."

அவளுக்குக் கேட்டுவிட்டது. "மொதல்ல என் மேல ஏத்து வண்டிய" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வாம்மா என்று கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். கை ஜில்லென்று இருந்தது. மழைக் குளிர் இல்லை. டாக்டர் கருவியை உதறிப் பார்த்தது ஞாபகம் வந்தது. பயந்துபோனேன். இத்தனை வருஷத்தில் இப்படிப் பயந்ததில்லை.

"செவ்வந்தி செத்துப்போச்சு சரோஜா. நான்தான் புதைச்சேன். என் கையால."

"நீங்க புதைச்சீங்க. நான் பாக்கலியே."

அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளில் அந்த இடத்தை நான் அவளுக்குக் காட்டவே இல்லை. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை இல்லை, மூட்டம். சரோஜாவை ஏரிக்கு அழைத்துப்போனேன். "அதையும் கூட்டிக்கினு வா" என்றேன். கயிறு போடவில்லை. அவள் நடந்தாள், அது பின்னாலேயே வந்தது. நான் கடைசியில். வண்டிகள் தாமாக நின்று வழிவிட்டன.

ஏரிக்கரைக்குக் கீழே, வேலியை ஒட்டி. இடம் அப்படியே இருக்கிறது. மண் விலகவில்லை, இறங்கவில்லை. மேலே புல் முளைத்திருக்கிறது. தோண்டிக் கிடந்திருந்தால்கூட மனம் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கும்.

"இங்கதான்" என்றேன்.

அவள் அந்தப் புல்லையே பார்த்தாள்.

"தல எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"கெழக்க."

"மேல எதுனா போத்துனீங்களா?"

"உன் பழைய புடவை. பச்சைக் கட்டம் போட்டது."

"நீங்க அழுதீங்களா?"

"குழி தோண்டின ஜேசிபிகாரர் போனப்புறம்."

கேட்டவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் அழுவது போல அழுதாள். "ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியேடி, நான் வர்றவரைக்கும் இருந்திருக்கக் கூடாதா" என்று தரையில் அடித்து அடித்து. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தோளைப் பிடித்துக்கொண்டேன். நானும்தான் அழுதேன்.

நிமிர்ந்தபோது மாடு தள்ளி, தண்ணீர் ஓரத்தில் நின்றது. எங்களைப் பார்க்கவில்லை. அக்கரைக் கட்டடங்களைப் பார்த்து நின்றது. பிறகு கோரைக்குள் நடந்தது. கோரை விலகி மூடிக்கொண்டது. தண்ணீர் கலங்கும் சத்தமே இல்லை.

சரோஜா கூப்பிடவில்லை. நானும் தேடிப் போகவில்லை. கரைமேல் நடைபயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவரிடம், அந்தப் பக்கம் மாடு ஏறி வந்ததா என்று மட்டும் கேட்டேன். "மாடா? நீங்க ரெண்டு பேர் வந்ததத்தான் பாத்தேன் சார்" என்றார்.

திரும்பும்போது வந்த சேற்று வழியைப் பார்த்தேன். என் செருப்புத் தடம். அவள் வெறுங்கால் தடம். குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. சரோஜாவிடம் சொல்லவில்லை.

மாலையில் அபார்ட்மெண்டில் போய் மாடுகளை அவிழ்த்தேன். கருப்பி என்னை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடி, தானாகவே உள்ளே போய்ப் படுத்து அசை போட ஆரம்பித்தது.

சரோஜா ரசம் சாதம் சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.


ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல வெயில். பல நாள் கழித்து. சாக்கெல்லாம் காயப்போட்டேன். கருப்பி புண் ஆறிவருகிறது. பிரகாஷ் வேலைக்குப் போய்விட்டான். கவிதா வீடியோ காலில் குழந்தையைக் காட்டினாள், தும்மிக்கொண்டே இருக்கிறது.

பால் கறந்து முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். சரோஜா காபியோடு வந்தாள்.

"நேத்து வர்ற வழியில சேத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

டம்ளரை நீட்டினாள். வாங்கும்போது விரல் பட்டது. சூடாக இருந்தது.