சுண்ணாம்புக்கு அடியில் மருதந்துறையின் புகழ்

மழை பிழையாத தாழைநாட்டைக் குடைக்கீழ் வைத்துக் காக்கும் கோமான் இளவேங்கையார் மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகம் கூத்தன் அருளாளன், வடகரைக் கோட்டத்தின் தலைவரும் அதன் ஊர்களுக்கெல்லாம் நிழலானவருமாகிய ஆளுடையான் விழுப்பரையர்க்கு வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் வயல் விளைக, கறவை பெருகுக, சுவர்கள் நெடுநாள் நிற்க. சுவர்களைப் பற்றியே இவ்வோலை.

தங்கள் மைத்துனரும் மருதந்துறையின் குத்தகையாளருமாகிய நக்கன் சேந்தனார், கருநீலி ஆற்றைக் கடக்கத் தம் துறையே முதன்மையானதென, வழிப்போக்கருக்கு வழி சொல்லும் நம் வழிமாடத்தில் இவ்வாண்டும் அறிவிக்குமாறு, தங்கள் பரிந்துரையோடு விண்ணப்பித்துள்ளார். வழிமாடத்தார் எத்துறையையும் தம் விருப்பத்தால் முதலில் சொல்வதில்லை. ஒரு துறையில் நலமாய்க் கரையேறிய ஊரார் அதன் பெயரைத் தம் ஊர்ச்சுவரில் கீறி வைப்பர். மிகுதியான சுவர்கள் எதைச் சொல்கின்றனவோ அதுவே வழிப்போக்கருக்கு முதலில் சொல்லப்படும். தேய்ந்த எழுத்தும் விடுபடலாகாதென்று, வழிமாடத்து எண்ணுநர் ஆண்டுதோறும் சுவர்களில் ஈர மஞ்சளைத் தேய்த்து, பள்ளத்தில் மஞ்சள் தங்கித் தெரியும் பெயர்களை எண்ணுவர்.

இவ்வழக்கத்தைச் சேந்தனார் எண்ணுநரைவிட நன்றாகக் கற்றிருந்தார். படகின் விரிசலை அடைக்கக் குங்கிலியம் வாங்கி அல்லற்படுவதைவிடச் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்குவது எளிதென்று அவர் உள்ளம் தெளிந்தது. ஊரார் வயலுக்குப் போன வேளை பார்த்து ஆளனுப்பி, தம் துறையின் பெயரைப் பொடியெழுத்தாய்க் கீறுவித்து, எண்ணுநர் வருமுன் பல மாதம் காய்ந்து ஆறும்படி மேலே மெல்லிதாய்ச் சுண்ணாம்பும் பூசுவித்தார். வழிப்போக்கர் கண்ணுக்கு வெறுஞ்சுவர். எண்ணுநர் மஞ்சளுக்கு மட்டும் புகழ்மாலை. இவ்வாறு அவர் சில ஆண்டுகள் முதன்மை பெற்று, படகைத் திரும்பியும் பாராமல் நிம்மதியாய் உறங்கினார்.

சென்ற பங்குனியில் ஒரு திருமணக் கூட்டம் வழிமாடத்தார் சொல்லை நம்பி, பூவன் என்பான் நல்ல படகோடு ஆளின்றி அமர்ந்திருந்த நாவல்துறையைக் கடந்து, மருதந்துறைக்குச் சென்றது. நடு ஆற்றில் சேந்தனார் படகின் அடிப்பலகை பிளந்தது. பூவன் விரைந்து சென்று, துடுப்பைப் பற்றித் தொங்கிய மணப்பெண் உட்பட அனைவரையும் கரை சேர்த்தான். ஆடையைப் பிழிந்தபடி பெண்ணின் தந்தையார், இப்படியொரு துறை உண்டென்பதை அரசின் ஆட்கள் ஏன் சொல்லவில்லை எனக் கேட்டார். அக்கேள்வியை அவையில் கேட்டபோது நாம் உண்மையிலேயே நாணினோம்.

படகு பிளந்த பின் சேந்தனார் பலகையை மாற்றினாரோ எனில், இல்லை. கெட்ட பெயரை மூடப் புகழ் இன்னும் வேண்டுமென்று எண்ணுநர் வரும் வேளையில் அவசர அவசரமாய்ப் பழைய சுவர்களுக்கும் மறுபடி சுண்ணாம்பு பூசி, புதிய சுவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவசரத்தில், மஞ்சளும் புதுச்சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பதை மறந்தார். ஆரத்தி கரைக்கும் வீடுகளில் இதை அறியாதார் இல்லை. ஆனால் சேந்தனார் தம் வீட்டில் ஆரத்தியை எடுப்பித்துக்கொள்பவரேயன்றிக் கரைப்பவர் அல்லர். எண்ணுநர் கைபட்ட இடமெல்லாம் மருதந்துறை செக்கச்செவேலென்று எழுந்து நின்றது. ஆற்றையே காணாத இடையர் தம் ஆட்டுப்பட்டிச் சுவர் ஒரு படகைப் புகழ்வது கண்டு திகைத்தனர். சுடுகாட்டுச் சுவரும் புகழ்ந்தது. அங்கிருந்து எழுந்து யார் பயணம் போய் வந்து கீறினரோ, நாம் அறியோம்.

கேட்டபோது, கண்ணில் படாத எழுத்தால் யார் கண் கெட்டது, சுவருக்கு என்ன குறைந்தது, எல்லாத் துறையாரும் செய்வதுதானே என்று சேந்தனார் விடையிறுத்தார். தாங்களும் இது சிறு பிழையென எழுதினீர்கள். புகழ் மெய்யாயின் அதை ஒளிப்பானேன்? ஊரார் சொல்லாததை ஊரார் சொன்னதாக, அவ்வூரார்க்கே தெரியாமல் வைப்பது, அவர்கள் வாயைத் திருடுவதன்றி வேறில்லை. இதற்கிடையில் ஆள் வராமையால் பூவன் படகை விற்க விலை பேசுகிறான். ஆடி வெள்ளம் வருமுன் அவன் போய்விட்டால், மக்கள் ஏற மிஞ்சுவது பிளந்த பலகை ஒன்றே.

ஆதலின் ஆணை: சிவந்த எழுத்து எதுவும் எண்ணப்படாது; எஞ்சிய எண்ணிக்கைப்படி நாவல்துறையே முதலில் சொல்லப்படும்; பூவன் படகை விற்கலாகாது. தாங்கள் பரிந்துரைக்கு விளக்கம் தர, இல்லத்தாரோடு தலைநகர் வருக. வரும் வழி, தாங்களே முதன்மையெனப் பரிந்துரைத்த மருதந்துறை. படகு அதே படகு. துடுப்புப் பிடிப்பவர் தங்கள் மைத்துனர். அதில் ஏற மனமில்லையாயின், ‘மருதந்துறையில் ஏறற்க’ என்று தங்கள் மாளிகை வாயிற்சுவரில், தெருவில் போவோர் நின்று படிக்கும் அளவில், தங்கள் பெயரிட்டுக் கீறிவிட்டு நாவல்துறை வழியாக வரலாம்.

வேங்கைப்பூ முத்திரை பொறித்து விடுத்தோம். தங்கள் முடிவு தெரியுமட்டும் ஓலை கொணர்ந்தவர் வாயிலிலேயே நிற்பார்; உளியும் அவர் கையில் உண்டு.