சம்பந்தியின் தொளதொளப் பாதி

ஜனவரி 9
மகளின் கல்யாணத்துக்கு ஒரு லேஸ் சால்வை. நான் பாதி, மாப்பிள்ளையின் அம்மா பாதி பின்னி நடுவில் இணைப்பதாம். "ரெண்டு அம்மாவும் சேந்து போட்டதுன்னு இருக்கும்மா" என்கிறாள் மகள். இருக்கும். சேர்ந்து போட்ட சண்டையும் இருக்கும்.

ஜனவரி 12
சம்பந்தி வந்தாள், பை நிறைய ஊசிகளோடு. நூலோ தலைமுடி மாதிரி சன்னம்.
"புஸ்தகத்துல நாலு மில்லிமீட்டர் ஊசின்னு போட்டிருக்கு. அப்புறம் என்ன யோசனை?"
புத்தகம் எழுதியவளின் கை வேறு. ஊசி தடித்தால் பின்னலின் கண்ணியும் பெரிசாகும். நான் நூலை இறுக்கிப் பிடிக்கிறவள், எனக்கு நாலரை வேண்டும். இவள் கையோ தொளதொள, மூன்றரையே ஜாஸ்தி. ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்து, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணிவிட்டுத்தானே தொடங்கவேண்டும்?
"துண்டு போட்டு நூலை வீணாக்குவானேன் சம்பந்தி?"
மருந்துக்கடை நடத்தினவளாம். மாத்திரையையும் கைக்கு வந்தபடிதான் அள்ளிக் கொடுத்தாளோ?

ஜனவரி 30
"விட்டுக்கொடேன்" என்கிறார் இவர். ஊசி எந்தப் பக்கம் குத்தும் என்றுகூடத் தெரியாத மனுஷர்.

பிப்ரவரி 15
தன் பாதியோடு வந்தாள். நனைத்து விரித்தோம். அதே கண்ணிகள்தான், என் பாதியைவிட ஒரு சாண் அகலம்! இலை வடிவமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கொசுவலைக்கு ஆகும்.
"காஞ்சா சுருங்கிடாதா?"
வாயில் வந்ததை முழுங்கினேன் — இல்லை, முழுங்கவில்லை. "பிரிங்க. முழுசாப் பிரிங்க" என்றே சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போய்க் கிளம்பினாள். போகட்டும்.

பிப்ரவரி 16
மகள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் கண்ணி இறுகிவிடுமா?

மார்ச் 4
கல்யாணம் இல்லை.
அந்தப் பையனுக்கு வெளிநாட்டில் வேலை. இவளுக்குப் போக இஷ்டமில்லை. ரெண்டு பேரும் பேசி, வேண்டாம்னு முடிச்சிட்டாங்களாம். என்னாலயா? கேட்டே விட்டேன்.
"எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு நினைச்சுக்காதம்மா. எனக்கு மனசில்ல, அவ்வளவுதான்."
கதவைச் சாத்திக்கிட்டா. அழறாளா? தட்டலாமா? நான் என்ன பண்ணட்டும்?

மார்ச் 21
வாசலில் சம்பந்தி. கல்யாணம் நின்றுபோன வீட்டுக்கு எந்த முகத்தோடு வருகிறாள்? உள்ளே வந்து உட்கார்ந்து, நூல் உருண்டையையும் மூன்றரை ஊசியையும் மேஜைமேல் வைத்தாள்.
"முழுசாப் பிரிச்சுட்டேன். பையன் கிளம்பிப் போயிட்டான். வீட்ல சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."
"இனிமே யாருக்குப் போடப்போறோம்?"
"யாருக்கா இருந்தா என்ன?"
மாதிரித் துண்டு பின்னினாள். மறுபடியும் தொளதொள. அது கையா, ஊஞ்சலா? மூன்றேகால் ஊசியை எடுத்து நீட்டினேன்.

ஏப்ரல் 11
சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறாள். மூன்றேகாலில்தான் அவள் கண்ணி என் கண்ணியோடு ஒத்துப்போகிறது. இன்று நடுவில் ஒரு தடவை ஊசியில் நூலைச் சுற்ற மறந்துவிட்டாள், ஓர் இலைக்குக் காம்பே இல்லை. அசடு.
பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "இவங்க யாரு?" என்றாள். சம்பந்தி என்று இனிச் சொல்ல முடியாது. சிநேகிதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
"சனிக்கிழமை வர்றவங்க" என்றேன்.
"இனிமே புதன்கிழமையும் வர்றவங்க" என்று திருத்தினாள், தலை நிமிராமலே.
யார் கூப்பிட்டார்களாம்?