கைநாட்டு இல்லாத ஓட்டு

ஐப்பசி 14, வியாழன்

மில்லில் சங்கம் வேண்டுமா என்று நாளை மறுநாள் ஓட்டெடுப்பு. சங்கத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று என் மேற்பார்வையில் நெல் காயவைக்கும் பெண்களை மதியம் கூட்டி உட்காரவைத்தேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் செல்லம்மாள்தான், "சீட்டுல கைநாட்டு வைக்கணுமாங்க? போன அறுப்புல கூலி கேட்டுக் கொடி புடிச்சோம்னே எங்கள வயல்ல எறக்கல" என்றாள்.

"வேணாம். முத்திரை குத்தி மடிச்சுப் பெட்டியில போடுங்க. யார் எதுல குத்துனாங்கன்னு மொதலாளிக்குத் தெரியாது."

அப்புறம்தான் கேள்விகள் கொட்டின. சந்தா கட்ட முடியாவிட்டால் நீக்கிவிடுவார்களா? வேலையை விட்டு நிறுத்தினால் சங்கம் வந்து கேட்குமா? தெரிந்ததைச் சொன்னேன்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "மொதல்ல வாயத் தொறந்தது யாருய்யா?"

ஞாபகமில்லை என்றேன். சிரித்தார்.

ஓட்டு மட்டும்தான் ரகசியம் என்பதைச் செல்லம்மாளிடம் நான் சொல்லவில்லை.