ஓரம் வெட்டிய செய்மதிப் படங்கள்

நேற்று மகள் கணினியில் சைபீரியாவின் செய்மதிப் படமொன்றைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அதைக் கண்டதும் நான் ஓடிப்போய் வாசற்கதவைப் பூட்டினேன். நாட்டில் சண்டை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பூட்டிய பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. உனக்கு எழுதினால் கொஞ்சம் மனம் ஆறுமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த அந்த மேல்மாடி அறையில் கால் வைக்க இடமிராது. கட்டில், மேசை, தரை எல்லாம் உன் படங்கள்தான். சைபீரியாவில் கோடையிலும் உருகாத உறைநிலம். குளிரில் வெடித்துப் பாத்தி பாத்தியாகப் பிரிந்த தரை, அடியில் பனி திரண்டு தள்ளியதால் எழும்பிய மேடுகள், பனி உருகிய இடங்களில் குளங்கள். பல்கலைக்கழக ஆய்வுக்காக ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வரைபடமாக்கிக்கொண்டிருந்தாய். காலி வீதி வெயிலில் வியர்த்து வந்து நீ பனியைக் கீறுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். "சிரிக்காதையடி. அங்கை மனிசரே இல்லை. ஒருத்தரும் அடையாள அட்டை, ஐசி எண்டு கேக்க மாட்டினம்" என்பாய்.

ஒருநாள் காலை வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "பிள்ளையள், பக்கத்து லேனிலை பொலிஸ் செக்கிங். மேப் கீப் இருந்தா எரிச்சுப்போடுங்கோ."

எரிக்க உனக்கு மனம் வரவில்லை. ஓரத்தில் அச்சடித்திருந்த அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்கள்தான் ஆபத்து என்று இருவருக்கும் பட்டது. தமிழரின் அறையில் அப்படியான எண்கள் அகப்பட்டால் குண்டு வைக்கக் குறித்தது என்பார்கள். கத்தரிக்கோலால் ஓரங்களை வெட்டிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாய். எண்களோடு இடத்தின் பெயரும் போய்விட்டது. அவசரத்தில் அது உறைக்கவில்லை.

அறைக்குள் வந்த பொலிஸ் அதிகாரி படமொன்றை யன்னலடியில் பிடித்துப் பார்த்தான். பாத்திகள் வயலாகவும் மேடுகள் மண் அரணாகவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மே வன்னியத?" என்று கேட்டான். இது வன்னியா, புலிகளின் இடமா என்று.

"நே மஹத்தயா, சைபீரியா. ஐஸ்" என்றாய், இல்லை ஐயா என்று.

அப்படியென்றால் பெயர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். நீ கழிவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாய்.

படங்களைச் சுருட்டிக்கொண்டு உன்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். "பயப்பிடாதை. சேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. அவர் சொன்னா விடுவினம்" என்றாய். உன் பேராசிரியரோடு நான் போய் நின்றபோது, அப்படி ஒருவரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். ஏறி இறங்கிய எல்லா ஸ்டேஷன்களிலும் அதையேதான் சொன்னார்கள்.

உன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது. நீ அந்தப் பனிநாட்டுக்குப் படிக்கப் போனதாகவே இப்போது நினைக்கிறார். போன் எடுத்தால் முதலில் என் சுகம் கேட்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அவள் சுவெட்டர் கொண்டுபோனவளோ?" என்பார்.

இல்லையென்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

"ஓம் அம்மா, கொண்டுபோனவள்" என்கிறேன்.